ஏற்றிவிட்டவர் போன பிறகு யாரைக் கூப்பிடுவது?

2024 கோடையில் ஐரோப்பாவின் மூன்று கால்பந்து கிளப்களுக்கு ஒரே சிக்கல் வந்தது. இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டி, ஜெர்மனியின் சாங்க்ட் பவ்லி, இத்தாலியின் வெனிசியா ஆகிய மூன்றும் அப்போதுதான் இரண்டாம் நிலை லீக்கிலிருந்து முதல் நிலைக்கு ஏறியிருந்தன. கொண்டாட்டம் அடங்குவதற்குள் ஏற்றிவிட்ட பயிற்சியாளர் கிளம்பிவிட்டார். லெஸ்டரின் என்ஸோ மரெஸ்கா செல்சிக்குப் போனார். சாங்க்ட் பவ்லியின் 31 வயது ஃபாபியன் ஹூர்ட்ஸெலரைப் பிரைட்டன் கூட்டிக்கொண்டு போனது. வெனிசியாவின் பாவ்லோ வனோலி டொரினோவில் சேர்ந்தார்.

லெஸ்டர் ஸ்டீவ் கூப்பரை எடுத்தது. சாங்க்ட் பவ்லி பெல்ஜியத்திலிருந்து அலெக்ஸாண்டர் பிளெஸினைக் கூட்டி வந்தது. வெனிசியா எவுசேபியோ டி ஃபிரான்செஸ்கோவிடம் பொறுப்பைக் கொடுத்தது. அடுத்த மே மாதம் சாங்க்ட் பவ்லி 18 அணிகளில் 14ஆவதாக முடித்துத் தப்பித்தது. லெஸ்டர் 20 அணிகளில் 18ஆவது, வெனிசியா 19ஆவது. இரண்டும் வந்த வழியே திரும்பின.

மூன்று கிளப்பை வைத்துச் சட்டம் எழுத முடியாது என்பது தெரியும். பணம் வேறு, ஆட்டக்காரர்கள் வேறு, லீக்கின் கடுமை வேறு. ஆனால் இந்த மூவரும் தேர்ந்தெடுத்த விதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இப்படி ஒரு நிலையில் நிற்கும் எந்த நிர்வாகத்துக்கும் உபயோகமான விஷயம் நிறைய இருக்கிறது. முன்னே இருக்கும் வழிகள் பொதுவாக ஐந்து: உள்ளேயே இருக்கும் உதவிப் பயிற்சியாளர், அந்த லீக்கை அறிந்த பெரிய பெயர், ஆபத்தில் காப்பாற்றுபவர் என்று பேரெடுத்தவர், வெளிநாட்டிலிருந்து ஆட்டமுறை பொருந்தி வருபவர், ஏற்கெனவே கிளப்பில் இருந்துவிட்டுப் போன பழைய ஆள். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஏறி வந்த அணிக்கு முதல் நிலை லீக்கில் நடப்பது வெறும் கடினமான சீசன் மட்டும் இல்லை, அதன் வாழ்க்கையே தலைகீழாகிறது. போன வருடம் வாராவாரம் ஜெயித்துக்கொண்டிருந்த அணி இந்த வருடம் வாராவாரம் தோற்கிறது. போன வருடம் பந்து இவர்களிடமே இருந்தது, இந்த வருடம் பந்தைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டும். வின்சென்ட் கொம்பனி பயிற்சியளித்த இங்கிலாந்துக் கிளப் பர்ன்லி 2022-23இல் 101 புள்ளி எடுத்து மேலே வந்தது. அதே பயிற்சியாளர் அதே பாணியை மேலேயும் நம்பினார். 24 புள்ளியோடு இறங்கினார்கள். ரஸ்ஸல் மார்ட்டின் சவுத்தாம்ப்டனைப் பிளே-ஆஃப் (ஏறுவதற்கான கடைசி இடத்தைத் தீர்மானிக்கும் நாக்-அவுட் ஆட்டங்கள்) வழியாக மேலே கொண்டுவந்து, பின்னாலிருந்து பந்தைக் கட்டி ஆடுவதை (தன் கோல் பக்கத்திலிருந்தே சின்னச் சின்ன பாஸாக நகர்த்திப் போவதை) விடவே மாட்டேன் என்றிருந்தார். 2024 டிசம்பரில் டாட்டன்ஹாமிடம் 0-5 தோற்ற அன்றே வேலை போனது. அந்த அணி கடைசியில் எடுத்தது 12 புள்ளி.

ஆகவே ஏற்றிவிட்டவர் போனது பெரிய இழப்பு என்று மட்டும் நினைக்க வேண்டியதில்லை. அவர் இருந்திருந்தாலும் ஏதாவது ஒன்று மாறியே ஆக வேண்டும். எதை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது என்று நிர்வாகம் முதலில் முடிவு செய்ய வேண்டும். ஆளைத் தேடுவது அதற்கு அப்புறம்தான். இந்த வரிசையை மாற்றிப் போட்டவர்கள்தான் அதிகம் அடிபட்டிருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

உள்ளே இருப்பவர்

மிகச் சுலபமான வழி இது. ஆட்டக்காரர்களுக்கு அவரைத் தெரியும், பயிற்சி முறை தெரியும், இழப்பீடு கொடுத்து யாரையும் வாங்க வேண்டாம். நேரம் இல்லாதபோது எல்லோரும் இங்கேதான் வருவார்கள்.

ஹல் சிட்டி 2016இல் பிளே-ஆஃப் ஜெயித்து இங்கிலாந்தின் முதல் நிலையான பிரீமியர் லீக்குக்கு வந்தது. சீசன் தொடங்க மூன்று வாரம் இருக்கும்போது, ஜூலை 22 அன்று, ஸ்டீவ் புரூஸ் விலகினார். உதவியாளர் மைக் ஃபீலன் தற்காலிகமாகப் பொறுப்பேற்றார். காயமில்லாமல் ஆடத் தயாராக இருந்தவர்களே பத்துப் பதினைந்து பேருக்குள்தான். அப்படியிருந்தும் முதல் நாளே நடப்புச் சாம்பியன் லெஸ்டரை 2-1 என்று தோற்கடித்தார்கள். இரண்டாவது ஆட்டமும் வெற்றி. ஆகஸ்ட் மாதத்தின் சிறந்த பயிற்சியாளர் விருது ஃபீலனுக்குப் போனது. அக்டோபரில் பதவி நிரந்தரமானது. ஜனவரி 3 அன்று நீக்கப்பட்டார். அப்போது 20 ஆட்டத்தில் 13 புள்ளி, கடைசி இடம். பின்னால் வந்த மார்கோ சில்வா மீதி 18 ஆட்டத்தில் 21 புள்ளி எடுத்தும் 18ஆவது இடம்தான் கிடைத்தது.

இந்தக் கதையில் ஃபீலனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆகஸ்டில் அவர் செய்தது பெரிய காரியம். இரண்டு வெற்றியைப் பார்த்ததும் தேடல் முடிந்துவிட்டது என்று நிர்வாகம் நினைத்ததுதான் தவறு.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. போர்ன்மத் 2022இல் ஏறி வந்து, நான்கே ஆட்டத்தில், லிவர்பூலிடம் 0-9 வாங்கிய கையோடு ஸ்காட் பார்க்கரை நீக்கியது. பயிற்சிக் குழுவில் இருந்த கேரி ஓ'நீல் பொறுப்பேற்று 39 புள்ளியோடு 15ஆவது இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். இத்தாலியில் கோமோ 2024இல் ஏறியபோது, ஏற்கெனவே அந்த அணியின் பயிற்சியை நடத்திக்கொண்டிருந்த செஸ்க் ஃபாப்ரெகாஸை முழுப் பொறுப்புக்குக் கொண்டுவந்தது. 10ஆவது இடம். கோமோவின் முதலாளிகளிடம் பணம் தாராளமாக இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். ஆனாலும் ஒரு வித்தியாசம் தெரிகிறது. ஃபாப்ரெகாஸ் காலியிடத்தை நிரப்ப வந்தவர் இல்லை. அந்த அணியின் ஆட்டமே அவர் யோசனையில் உருவானது. உள்ளே இருப்பவரை எடுக்கலாமா என்று கேட்டால், அணியின் ஆட்டத்தில் அவர் கை எவ்வளவு இருந்தது என்று நான் திருப்பிக் கேட்பேன்.

லீக்கை அறிந்த பெயர்

நிர்வாகத்துக்கு இதுதான் மனசுக்கு இதமான வழி. ரசிகர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை, பேரைச் சொன்னாலே போதும். கூப்பர் அப்படிப்பட்டவர். 2022இல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டை மேலே ஏற்றி, அடுத்த வருடம் 38 புள்ளியோடு தக்கவைத்தவர். ஏறி வந்த அணியைக் காப்பாற்றிய அனுபவம் நேரடியாகவே இருந்தது. காகிதத்தில் பார்த்தால் இதைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

சிக்கல் எங்கே என்றால், லெஸ்டர் ஆட்டக்காரர்கள் அதற்கு முந்தைய ஒரு வருடம் முழுக்க மரெஸ்காவிடம் வேறு பாடம் படித்திருந்தார்கள். பந்தை விடாமல், பொறுமையாக, இடம் பார்த்து நகர்த்தி 97 புள்ளி எடுத்த அணி அது. கூப்பரின் அணிகள் பந்தை எதிரணிக்கு விட்டுவிட்டு, கிடைத்தவுடன் வேகமாகப் பாய்ந்து ஆடுபவை. இரண்டில் எது மேல் என்று நான் சொல்ல வரவில்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஆறு வாரத்தில் மாறச் சொன்னார்கள், அதுதான் விஷயம். போதாததற்கு நடுக்களத்தில் அந்த அணியைச் சுமந்த கீர்னன் டியூஸ்பரி-ஹால், மரெஸ்காவின் பின்னாலேயே செல்சிக்குப் போய்விட்டார். கூப்பர் முன்பு இருந்தது பக்கத்து ஊர்ப் போட்டி கிளப் என்பதால் ரசிகர்களுக்கு முதல் நாளிலிருந்தே மனம் ஒட்டவில்லை.

நவம்பர் 23 அன்று மரெஸ்காவின் செல்சியிடமே சொந்த மைதானத்தில் தோற்றார்கள். மறுநாள் கூப்பர் நீக்கப்பட்டார். 12 ஆட்டம், 10 புள்ளி, 16ஆவது இடம். அதாவது அன்றைக்கு அணி தரமிறங்கும் இடத்தில்கூட இல்லை. அதற்குப் பின் மீதமிருந்த 26 ஆட்டத்தில், பெரும்பாலும் ரூட் வான் நிஸ்டல்ரோயின் கீழ், லெஸ்டர் எடுத்தது 15 புள்ளி. பொருந்தாத ஆளை எடுத்தது முதல் தவறு. எடுத்தவரை ஐந்து மாதத்தில் கைவிட்டு, மூன்றாவதாக இன்னொரு முறைக்குத் தாவியது அதைவிடப் பெரிய தவறு. ஒரே வருடத்தில் மூன்று பாணி என்றால் எந்த ஆட்டக்காரருக்கும் தலை சுற்றும்.

டி ஃபிரான்செஸ்கோவும் ஏறக்குறைய இதே வகை. 2018இல் ரோமாவைச் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை கொண்டுபோனவர். 2023இல் ஃப்ரோசினோனே ஏறியபோது ஏற்றிவிட்ட ஃபாபியோ குரோசோ விலகினார். அந்த இடத்துக்கு வந்தவர் இவரே. நன்றாகவும் ஆடினார்கள், 35 புள்ளியும் எடுத்தார்கள், கடைசி நாளில் இறங்கினார்கள். அடுத்த மாதமே வெனிசியா அதே வேலைக்கு அவரையே கூப்பிட்டது. 29 புள்ளி, மறுபடி இறக்கம். ஆனால் நடு சீசனில், ஜனவரியில், வெனிசியா தன் முதன்மைக் கோல் அடிப்பவரான யோயல் போஹ்யன்பாலோவைப் பலெர்மோவுக்கு விற்றுவிட்டது. அப்புறம் பயிற்சியாளரைக் கேட்டு என்ன பயன்? பெரிய பெயரை எடுக்கும் நிர்வாகங்கள் பல நேரம் மீதி வேலை முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கின்றன.

காப்பாற்றுபவர்

டோனி புலிஸ் 2013 நவம்பரில் கிரிஸ்டல் பேலஸுக்கு வந்தார். அந்த சீசனுக்கு அணியை ஏற்றிவிட்ட இயன் ஹாலோவே 8 ஆட்டத்தில் 3 புள்ளியோடு விலகியிருந்தார். புலிஸ் தடுப்பாட்டத்தை இறுக்கி, 45 புள்ளியோடு 11ஆவது இடத்துக்குக் கொண்டுபோனார். அந்த வருடத்தின் சிறந்த பயிற்சியாளர் விருதும் அவருக்குத்தான்.

இதைப் பார்த்துவிட்டு இந்த வகை ஆளை நம்பிக் கிளம்புபவர்கள் டார்பி கவுன்டியையும் பார்க்க வேண்டும். 2007இல் பில்லி டேவிஸ் ஏற்றிவிட்டு, நவம்பரில் விலகினார். வந்தவர் பால் ஜுவல். பிராட்ஃபோர்டை 2000இல் கடைசி நாளில் காப்பாற்றியவர், விகனை ஏற்றி நிலைநிறுத்தியவர். டார்பியில் அந்த சீசன் முடியும்வரை அவருக்கு ஒரு லீக் வெற்றிகூடக் கிடைக்கவில்லை. மொத்தம் 11 புள்ளி. 2024 டிசம்பரில் சவுத்தாம்ப்டன் கூட்டி வந்த இவான் யூரிச்சுக்கும் லீக்கில் ஒரே ஒரு வெற்றிதான். காப்பாற்றுபவர் இருக்கிற பலத்தை ஒழுங்குபடுத்துவார். இல்லாத பலத்தைக் கொண்டுவர அவராலும் முடியாது.

இந்த வகையில் எனக்கு மிகப் பிடித்த கதை குரோட்டோனே. 2016இல் அந்தச் சின்ன கிளப் வரலாற்றில் முதல் முறையாக இத்தாலியின் முதல் நிலைக்கு வந்தது. ஏற்றிவிட்டவர் மேலே சொன்ன அதே யூரிச். ஏற்றிய கையோடு ஜெனோவாவுக்குப் போய்விட்டார். டேவிடே நிகோலா வந்தார். 29 ஆட்டத்தில் 14 புள்ளி. எந்த நிர்வாகமும் அதற்குள் இரண்டு பேரை மாற்றியிருக்கும். குரோட்டோனே மாற்றவில்லை. கடைசி 9 ஆட்டத்தில் 20 புள்ளி எடுத்தார்கள். கடைசி நாளில் லாட்சியோவை 3-1 என்று வென்று, எம்போலியைக் கீழே தள்ளி, 34 புள்ளியோடு தப்பித்தார்கள். தப்பித்தால் சைக்கிளிலேயே டூரின் வரை போவேன் என்று நிகோலா சொல்லியிருந்தார். சொன்னபடி சுமார் 1,300 கிலோமீட்டர் மிதித்துப் போனார்.

நிகோலா அதன் பிறகு சலெர்னிடானாவையும் எம்போலியையும் பாதி சீசனில் வந்து காப்பாற்றி, இந்த வேலைக்கே பேர்போனவர் ஆனார். ஆனால் குரோட்டோனேயில் அவர் பாதியில் வந்தவர் இல்லை. ஜூன் மாதமே வந்து, தோல்விகளை எல்லாம் அந்த அணியோடு சேர்ந்து வாங்கியவர். அந்த வித்தியாசத்தை நான் பெரிதாக நினைக்கிறேன். இந்த வகை ஆளின் தொலைபேசி எண்ணை நவம்பருக்காக வைத்துக்கொள்ளலாம். ஜூன் மாதம் எடுப்பதாக இருந்தால் மே வரை நம்பித்தான் எடுக்க வேண்டும்.

பழைய ஆள்

இதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, ஆனால் பலர் நினைப்பதைவிட நல்ல வழி. 2021இல் எம்போலி ஏறியதும் அலெஸ்ஸியோ தியோனிஸி சசுவோலோவுக்குப் போனார். கிளப் 67 வயது அவுரேலியோ ஆந்த்ரேயட்சோலியைத் திரும்பக் கூப்பிட்டது. 2018இல் அதே எம்போலியை ஏற்றியவர் அவர். கிளப்பின் பழக்கவழக்கம் தெரியும், யாரிடம் என்ன கேட்கலாம் என்று தெரியும். 41 புள்ளி, 14ஆவது இடம். ஆனால் பழைய ஆளைக் கோடையிலேயே கூப்பிட வேண்டும். ஷெஃபீல்டு யுனைடெட் 2023 டிசம்பரில், தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு கிறிஸ் வைல்டரைத் திரும்பக் கொண்டுவந்தது. அந்த சீசனில் வாங்கிய கோல் 104.

ஆட்டமுறை பொருந்தி வருபவர்

பிளெஸின் சாங்க்ட் பவ்லிக்கு வந்தபோது ஜெர்மனியின் முதல் நிலை லீக்கில் அவர் தலைமைப் பயிற்சியாளராக இருந்ததே கிடையாது. பெல்ஜியத்தின் யூனியன் செயின்ட்-ஜிலுவாஸுடன் அந்நாட்டுக் கோப்பையை வென்றுவிட்டு வந்திருந்தார். பேர் சொன்னால் யாரும் கை தட்டும் ஆள் இல்லை. ஆனால் ஹூர்ட்ஸெலர் பின்னால் மூன்று தடுப்பாட்டக்காரர்களை வைத்து ஆடியவர், பிளெஸினும் அப்படியே. ஆட்டக்காரர்கள் நிற்கும் இடம் மாறவில்லை. முன்பு பந்தைக் கட்டி ஆடிய அணியை, இவர் இன்னும் இறுக்கமாக, இன்னும் அதிகம் ஓடி, எதிரணிக்கு இடமே கொடுக்காமல் ஆட வைத்தார். எலும்புக்கூட்டைத் தொடாமல் மேலே மட்டும் மாற்றினார் என்று சொல்லலாம்.

அந்த அணி 34 ஆட்டத்தில் அடித்தது 28 கோல்தான். முந்தைய வருடம் அதிகக் கோல் அடித்த மார்செல் ஹார்டெல் கிளப்பைவிட்டே போயிருந்தார். வாங்கியது 41 கோல். அந்த லீக்கில் அதைவிடக் குறைவாக வாங்கியது பயர்ன் மியூனிக் மட்டும்தான். 32 புள்ளி. பார்க்க அழகான கால்பந்து என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்து ஆடிய கால்பந்து. எனக்கு அதில் ஒரு தனி அழகு தெரிகிறது.

வெளிநாட்டு ஆள் என்பதற்காக எடுத்தாலும் சறுக்கும், யூரிச்சை ஏற்கெனவே பார்த்தோம். மொழி பெரிய தடை என்பார்கள். மவுரிசியோ போச்செட்டினோ 2013 ஜனவரியில் சவுத்தாம்ப்டனுக்கு வந்தபோது மொழிபெயர்ப்பாளரை வைத்துத்தான் பேசினார். அவருக்கு முன்பிருந்த நைஜல் ஆட்கின்ஸ் அடுத்தடுத்து இரண்டு படி ஏற்றிவிட்டவர் என்பதால் அவரை நீக்கியது ரசிகர்களுக்குப் பெரிய மனவருத்தம். அந்த சீசன் 41 புள்ளி, 14ஆவது இடம். சவுத்தாம்ப்டன் ஆட்டக்காரர்களிடம் இளமையும் ஓட்டமும் இருந்தது. போச்செட்டினோவின் முறைக்குத் தேவை அதுதான்.

இந்த வழியின் பலவீனம் நேரம். இப்படி ஒருவரைக் கோடையில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. தன் பயிற்சியாளர் ஒருநாள் போவார் என்று முன்பே நினைத்து, அதே ஆட்டமுறை உள்ளவர்களின் பட்டியலை வருடம் முழுக்கப் பார்த்துவரும் கிளப்புக்குத்தான் இது கைகொடுக்கும். நல்ல சீசனின் நடுவே இந்த வேலையைச் செய்வது துரோகம் மாதிரி தோன்றலாம். செய்யாமல் விட்டால் ஜூன் மாதம் யார் சும்மா இருக்கிறாரோ அவர்தான் கிடைப்பார்.

இறங்கினால்?

இதைப் பேசாமல் எந்தத் தேர்வும் முழுமையாகாது. 2023-24, 2024-25 இரண்டு சீசனிலும் பிரீமியர் லீக்குக்கு ஏறி வந்த மூன்று அணிகளுமே இறங்கின. இறங்கும் கிளப்புக்கு அங்கே ஒளிபரப்புப் பணத்தில் ஒரு பங்கு மூன்று ஆண்டு வரை கிடைக்கும். ஒரே சீசனில் இறங்கிவிட்டால் இரண்டு ஆண்டு மட்டும்தான். அந்தப் பணம் தீர்வதற்குள் மறுபடி ஏற வேண்டும். எனவே புதியவரிடம் எப்படித் தப்பிப்பீர்கள் என்று கேட்பதோடு, இறங்கினால் மறுபடி ஏற்றுவீர்களா என்பதையும் கேட்க வேண்டும். பர்ன்லி 2015இல் இறங்கியபோது ஷான் டைச்சை நீக்கவில்லை. அடுத்த வருடமே சாம்பியனாகத் திரும்பினார்கள், 2018இல் 7ஆவது இடம் பிடித்து ஐரோப்பியப் போட்டிக்கே போனார்கள். நார்விச் 2020இல் 21 புள்ளியோடு இறங்கியும் டேனியல் ஃபார்க்கேயை வைத்துக்கொண்டது. அடுத்த வருடமே 97 புள்ளியோடு ஏறியது. காப்பாற்றுபவர்களை எடுத்தால் இந்த வாய்ப்பு பெரும்பாலும் போய்விடும். அவர்கள் ஒப்பந்தமே சில மாதக் கணக்கில்தான் இருக்கும்.

சரி, என்னிடம் கேட்டால் வரிசை இப்படித்தான் வரும். ஜூன் நடுவுக்குள் ஆட்டமுறை பொருந்தும் ஆள் கிடைத்தால் பேர் தெரியாதவராக இருந்தாலும் அவர்தான். கிடைக்கவில்லையென்றால் கிளப்பை அறிந்த பழைய ஆள். உதவிப் பயிற்சியாளரை, அணியின் ஆட்டத்தை அவரும் சேர்ந்து உருவாக்கியிருந்தால் மட்டும் மூன்றாவதாக வைப்பேன். பெரிய பெயர் கடைசியில். அவர் அனுபவத்தின் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை, ஆனால் அந்த அனுபவம் வேறொரு அணியின் ஆட்டக்காரர்களை வைத்து வந்தது.

யாரை எடுத்தாலும் நேர்காணலில் இரு தரப்பும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. முதல் மூன்று ஆட்டமும் தோற்றால் நான்காவது வாரம் என்ன செய்வீர்கள்? வருபவர் எதை மாற்றுவார் என்று சொல்லட்டும். நிர்வாகம் தன் பங்குக்கு அவரோடு நிற்குமா என்று சொல்லட்டும். சாங்க்ட் பவ்லி பிளெஸினின் கீழ் முதல் மூன்று லீக் ஆட்டத்தையும் தோற்றது. நான்காவதில் லைப்ஸிக்குடன் 0-0. ஐந்தாவது ஆட்டத்தில் ஃபிரைபுர்க்கை அவர்கள் மைதானத்திலேயே 3-0 என்று வென்றது.